செருப்பு டப்பாவில் விழும் கேள்விகள்

வடசென்னைக் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவர் கேட்டிருக்கிறார்: "நாங்கள் ஏழெட்டுப் பேர் மதிய இடைவேளையில் சேர்ந்து ஜெபிக்கிறோம். கடவுள் இருக்கிறாரா, துன்பம் ஏன், செத்த பிறகு என்ன என்பதையெல்லாம் மற்ற மாணவர்களோடும் உட்கார்ந்து பேச ஆசை. ஆனால் வாயைத் திறந்தாலே மதம் மாற்ற வந்துவிட்டான் என்கிறார்கள். இப்படிப்பட்ட கலந்துரையாடலை எப்படி நடத்துவது?"

தம்பி, அவர்கள் அப்படிச் சொல்வதற்கு முக்கால்வாசிக் காரணம் எங்களைப் போல முன்னால் போனவர்கள்தான். நான் தண்டையார்பேட்டையில் வளர்ந்தவன். கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். இருபது வருடங்களுக்கு முன் நான் ஏற்பாடு செய்த முதல் கூட்டத்தின் தலைப்பு 'வாழ்க்கைக்கு அர்த்தம் உண்டா?'. போஸ்டரில் சிலுவை இல்லை, சபையின் பெயர் இல்லை. அறுபது பேர் வந்தார்கள். கீபோர்டோடு இரண்டு பாட்டு, தான் விசுவாசத்துக்கு வந்த கதையை ஒருவர் சொல்லும் ஒரு சாட்சி, ஒரு பிரசங்கம். கடைசியில், "எல்லாரும் கண்ணை மூடுங்கள், ஆண்டவரை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்." நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். மூன்றாவது வரிசையில் என் நண்பன் ஒருவன், திராவிடர் கழகக் குடும்பம், என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனை நான்தான் வற்புறுத்தி அழைத்து வந்திருந்தேன். மறுநாள் டீக்கடையில் நான் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தான், ஒன்றும் சொல்லவில்லை, கிளம்பிவிட்டான். திட்டியிருந்தால் தேவலாம்.

அதனால் முதல் வேலை, போஸ்டரில் உண்மையை எழுதுவது. யார் நடத்துகிறார்கள், யார் பேசுகிறார்கள், பேசுகிறவர்களில் யார் விசுவாசி, யார் இல்லை, எத்தனை மணிக்கு முடியும், எல்லாம் இருக்கட்டும். 'கிறிஸ்தவ மாணவர்கள் நடத்தும் கலந்துரையாடல்' என்று போட்டால் கூட்டம் பாதியாகக் குறையும், குறையட்டும். வந்தவர்கள் அடுத்த முறையும் வருவார்கள். பாட்டு வேண்டாம், கைப்பிரதி வேண்டாம், கண்ணை மூடச் சொல்லவே வேண்டாம். ஜெபிக்க வேண்டுமென்றால் நீங்கள் ஏழெட்டுப் பேரும் முன்னாலேயே ஜெபித்துவிட்டு வாருங்கள்.

அப்புறம் அனுமதி. அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. 1977ல் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை வேறு, இன்னொருவரை மாற்றும் உரிமை வேறு, பின்னது இந்தப் பிரிவில் இல்லை என்று தெளிவாக்கியது. 28ஆவது பிரிவு, முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிலையத்தில் மதபோதனை கூடாது என்கிறது. உதவி பெறும் கல்லூரியிலும் ஒருவரை அவர் சம்மதமில்லாமல் அதில் உட்கார வைக்க முடியாது. மாணவர்கள் தாங்களாகக் கூடிப் பேசுவது போதனை ஆகுமா என்று வாதம் செய்யலாம்தான். ஆனால் வியாசர்பாடி அம்பேத்கர் கலைக் கல்லூரி, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி மாதிரி அரசுக் கல்லூரி என்றால் பிரின்ஸ்பாலை அந்தச் சங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள். வெளியே இடம் பாருங்கள். தமிழ்நாட்டில் 2002ல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004ல் விலக்கிக்கொள்ளப்பட்டது. சட்டம் போனாலும் பயம் போகவில்லை.

அந்தப் பயம் நேற்று வந்ததும் இல்லை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937ல் தாம்பரம் போகும்வரை நம் பாரிமுனைப் பக்கம்தான் இருந்தது. அதற்கு விதையாக 1837ல் ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளியில், 1841ல் இரண்டு மாணவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். பெரும்பாலான பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். உங்கள் வகுப்புத் தோழியின் அம்மா, "அந்தக் கூட்டத்துக்கெல்லாம் போகாதே" என்று சொல்லும்போது 180 வருடத்து நினைவு ஒன்று பேசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோபம் வராது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தரங்கம்பாடிக்கு 1706ல் வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க், ஆறேழு வருடம் கழித்துத் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, அவர்களுடைய பதில் கடிதங்களை ஜெர்மனுக்கு மொழிபெயர்த்து அச்சிட அனுப்பினார். அதில் அவர்கள் கிறிஸ்தவர்களின் குடியையும் நடத்தையையும் பற்றி நேருக்கு நேராகவே எழுதியிருக்கிறார்கள். அதையும் சேர்த்தேதான் அவர் அனுப்பினார். சென்னையிலேயே 1880களில் நாத்திகர்கள் 'தத்துவவிவேசினி' என்று தமிழில் பத்திரிகை நடத்தினார்கள். ஆக, இந்த ஊருக்கு இந்தப் பேச்சு புதிதில்லை. நடுவில் எங்கேயோ எல்லாரும் அவரவர் மைக் செட்டோடு அவரவர் தெருவுக்குப் போய்விட்டோம்.

சரி, எப்படி நடத்துவது. எனக்குத் தெரிந்து நன்றாக ஓடியவை எல்லாம் ஏறக்குறைய ஒரே அமைப்பு. ஆக்ஸ்ஃபோர்டில் ஸ்டெல்லா ஆல்ட்விங்கிள் என்ற பெண்மணி தொடங்கி, 1942 முதல் கூடிய சாக்ரடிக் கிளப். 1954 வரை அதன் தலைவர் கிறிஸ்தவ எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ். ஒருவர் கட்டுரை வாசிப்பார், கருத்து வேறுபடும் ஒருவர் பதில் சொல்வார், பிறகு எல்லாரும் பேசுவார்கள். அமெரிக்காவில் ஹார்வர்டில் 1992ல் தொடங்கிய வெரிடாஸ் ஃபோரம் பெரும்பாலும் இதே வழிதான்: மேடையில் ஒரு கிறிஸ்தவர், ஒரு கிறிஸ்தவரல்லாதவர், நடுவில் ஒரு நெறியாளர், பிறகு கூட்டத்திலிருந்து கேள்விகள்.

சாக்ரடிக் கிளப்பில் எனக்குப் பிடித்த நாள் 1948 பிப்ரவரி 2. லூயிஸ் தன் நூல் ஒன்றில், எல்லாம் இயற்கையின் இயக்கம்தான் என்றால் நம் பகுத்தறிவையே நம்ப முடியாமல் போகும் என்று வாதிட்டிருந்தார். எலிசபெத் ஆன்ஸ்கம் என்ற தத்துவவாதி, அப்போது 28 வயது, எழுந்து அந்த வாதத்தில் ஓட்டை இருக்கிறது என்று காட்டினார். அவர் நாத்திகர் என்று நினைக்கிறீர்களா? தீவிரக் கத்தோலிக்கர். லூயிஸ் பிற்பாடு அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதி 1960ல் வெளியிட்டார். தலைவரே அடி வாங்கிய கூட்டம் அது. நம்மூரில் ஒரு பாஸ்டர் சொன்னதை ஒரு தங்கச்சி எழுந்து, "அண்ணே, இந்த இடத்துல லாஜிக் இடிக்குது" என்று சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்படிச் சொல்ல இடமில்லாத கூட்டத்தை ஏன் கலந்துரையாடல் என்று அழைக்க வேண்டும்?

இரண்டு நாற்காலி என்றதும் உடனே பட்டிமன்றம் ஞாபகம் வரும். நமக்கு அது ரத்தத்தில் ஊறியது. ஆனால் இங்கே நடுவர் கிடையாது, தீர்ப்பு கிடையாது. கைதட்டலுக்குப் பேசுகிறவரை அழைக்காதீர்கள், இரண்டு பக்கத்திலும். இரண்டாவது நாற்காலியில் ஒப்புக்குச் சப்பாணியாக யாரையாவது உட்கார வைத்துவிட்டு, உங்கள் ஆளுக்குத் திறமையான பேச்சாளரைப் போடுவது ஏமாற்று வேலை, எல்லாருக்கும் தெரிந்துவிடும். உங்களையே திணறடிக்கக்கூடியவரைக் கூப்பிடுங்கள். வடசென்னையில் அதற்குப் பஞ்சமில்லை. பெரியார் வாசகர்கள், அம்பேத்கர் படிப்பு வட்டத்துப் பிள்ளைகள், தொழிற்சங்கத் தோழர்கள், மண்ணடிப் பக்கம் நன்றாகப் படித்த இஸ்லாமிய நண்பர்கள். நேரத்தைச் சரிபாதியாகப் பிரியுங்கள். கடைசி வார்த்தை விருந்தினருக்கு.

இனி முக்கியமான விஷயம், கேள்வி. மாணவர்களுக்கு என்ன கேள்வி இருக்கிறது என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். பரிணாமமா படைப்பா, பைபிள் வரலாற்று ரீதியாக நம்பத்தகுந்ததா என்று புத்தகத்திலிருந்து தலைப்பு எடுக்கிறோம். அவையும் நல்ல கேள்விகள்தான். ஆனால் நான் ஒரு காலி செருப்பு டப்பாவை எடுத்து, மூடியில் ஓட்டை போட்டு, ஒரு மாதம் கேன்டீன் பக்கம் வைக்கச் சொன்னேன். பெயர் எழுத வேண்டாம், என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். வந்த சீட்டுகளில் பரிணாமம் பற்றி ஒன்றே ஒன்று. மற்றவை இப்படி இருந்தன:

"ஜெபம் பண்ணா அரியர் கிளியர் ஆகுமா? ஆகாதுன்னா எதுக்குப் பண்றீங்க?"

"லவ் பண்ற பையன் வேற மதம். எந்தக் கடவுள் கிட்ட சொல்றது?"

"எங்க சர்ச்சுல வசதியானவங்களுக்கு மட்டும் முன் வரிசை ஏன்?"

"எங்க அப்பா குடிச்சே செத்தார். அவர் நரகத்துக்குத்தான் போவாரா?"

கடைசிச் சீட்டு பென்சிலில் எழுதியிருந்தது. ரெக்கார்ட் நோட்டிலிருந்து கிழித்த தாள், ஓரத்தில் பாதி கிராஃப் கட்டம். அதை மேடையில் வாசிக்கலாமா என்று எங்களுக்குள் அரை மணி நேரம் வாதம். நான் வேண்டாம் என்றேன். எழுதின பிள்ளை கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும், நம் பேச்சாளர் ஏதாவது இறையியல் பேசி வைத்தால் என்ன ஆவது? கடைசியில் அப்படியே வாசிக்காமல், 'நாம் நேசித்தவர்கள் தவறாக வாழ்ந்து செத்தால்?' என்று ஒரு கூட்டத்தின் தலைப்பாகவே வைத்தோம். மரணத்தைப் பற்றி நாத்திக நண்பர் ஒருவர் அவ்வளவு மென்மையாகப் பேசி அன்றுதான் கேட்டேன். எங்கள் தரப்பில் பேசிய அக்கா, ஒரு நர்ஸ், தீர்ப்புச் சொல்லும் வேலை மனிதர்களுக்குக் கொடுக்கப்படவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, குடிநோயைப் பற்றியும் வார்டில் தான் பார்த்த அப்பாக்களைப் பற்றியும் பேசினார். எந்தப் பிள்ளை எழுதியது என்று இன்றுவரை விசாரிக்கவில்லை. நீங்களும் கையெழுத்தை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். சீட்டுகளைக் கூட்டம் முடிந்ததும் கிழித்துப் போடுங்கள். பெண் பிள்ளைகள் எழுந்து கேட்பதைவிடச் சீட்டில் பத்து மடங்கு அதிகமாகக் கேட்பார்கள், டப்பாவின் உண்மையான பயன் அதுதான்.

இன்னொரு கூட்டம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது ஞாபகம் இருக்கும். மீனவர்கள் மக்கையும் வாளியையும் வைத்துக் கையால் அள்ளினார்கள். எங்கள் மாணவர்களில் சிலர் அந்தக் குப்பங்களிலிருந்து வருகிறவர்கள். அடுத்த கூட்டத்துக்கு அவர்களே தலைப்புச் சொன்னார்கள்: 'கடவுள் இருந்தால் முகத்துவாரத்தில் ஏன் எண்ணெய்?' பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சின்ன மாடி அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், கடகடவென்று ஓடும் மின்விசிறி. எங்கள் பேச்சாளர் தத்துவம் படித்தவர். மனிதனுக்குக் கடவுள் சுதந்திரம் கொடுத்தார், அதை மனிதன் தவறாகப் பயன்படுத்துகிறான் என்று ஒழுங்காகவே ஆரம்பித்தார். ஐந்து நிமிடத்தில் ஒரு பையன் கையைத் தூக்கினான்.

"சார், எண்ணெய் மனுஷன் வேலைன்னு எங்களுக்கும் தெரியும். அதைக் கடவுள் தலையில நாங்க போடல. நான் கேக்கறது வேற. நாங்க மக்குல அள்ளிக்கினு இருந்தப்போ அவர் எங்க இருந்தார்?"

எதிர் நாற்காலியில் இருந்த தோழர் முதலில் பேசினார். அங்கே யாரும் இல்லை, அதனால்தான் நாம் ஒருவருக்கொருவர் இருந்தாக வேண்டும் என்றார். நல்ல பதில், எனக்கே தொண்டை அடைத்தது. எங்கள் பேச்சாளர் கையிலிருந்த குறிப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். இயேசு முதலில் அழைத்த ஆட்கள் மீனவர்கள், அதுவும் ராத்திரி முழுக்கப் பாடுபட்டு ஒரு மீனும் கிடைக்காத ஆட்கள் என்று சொன்னார். பிறகு, "நீ கேட்ட கேள்வியைத்தான் அவரும் சிலுவையில் கேட்டார். என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று" என்றார்.

பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அவருக்கும் பதில் வரல" என்றான்.

பேச்சாளர் இயேசு மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்ததைப் பற்றி அவசரமாகச் சொல்லி அந்த இடத்தை மூடியிருக்கலாம். மூடவில்லை. "அன்னிக்கு வரல" என்றார், அவ்வளவுதான். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. நெறியாளராக இருந்த மாணவி அந்த மௌனத்தை அப்படியே விட்டாள், ஒரு நிமிடமாவது இருக்கும். நெறியாளர் வேலைக்கு நன்றாகப் பேசுகிறவரைத் தேடாதீர்கள், மௌனத்துக்குப் பயப்படாத ஆளைத் தேடுங்கள். கூட்டம் முடிந்து அந்தப் பையனும் பேச்சாளரும் தோழரும் கீழே டீக்கடையில் ரொம்ப நேரம் நின்றார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை, பஸ் சத்தம்.

வடசென்னையில் எந்தத் தலைப்பில் தொடங்கினாலும் மூன்றாவது கேள்வி சாதியாகத்தான் இருக்கும். தயாராக இருங்கள். "கிறிஸ்தவத்தில் சாதி இல்லை" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், அரங்கமே சிரிக்கும். 1833ல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று சுற்றறிக்கை விட்டபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் எதிர்த்தவர்கள் கிறிஸ்தவர்கள்தான். இன்றைக்குக் கல்யாண விளம்பரங்களைப் பார்த்தாலே போதும், நான் விளக்க வேண்டியதில்லை. அதை ஒப்புக்கொண்ட பிறகுதான், கிறிஸ்துவில் யூதன் என்றும் கிரேக்கன் என்றும் இல்லை என்று பவுல் எழுதியதைப் பேச உங்களுக்கு யோக்கியதை வரும்.

கூடவே இன்னொன்று வரும். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி உரிமை முதலில் இந்துக்களுக்கு மட்டும்தான், பிறகு 1956ல் சீக்கியருக்கும் 1990ல் பௌத்தருக்கும் நீட்டித்தார்கள். கிறிஸ்தவருக்கு இல்லை. தமிழ்நாட்டில் மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை சபையில் ஒரு பெயரும், சான்றிதழில் ஒரு பெயருமாக வாழும் பிள்ளைகள் உங்கள் கூட்டத்தில் கட்டாயம் இருப்பார்கள். "நேர்மையா இருக்கணும்னு சொல்றீங்களே, அப்ப சான்றிதழ்?" என்று யாராவது கேட்பார்கள். இதைப் பொதுக் கேள்வியாக மட்டும் விவாதியுங்கள். யாரையும் எழுப்பி, உன் நிலைமை என்ன என்று கேட்கும்படி ஆகிவிடக் கூடாது. அந்தப் பிள்ளையின் ஸ்காலர்ஷிப் அதில் இருக்கிறது.

அம்பேத்கரைப் படித்த மாணவர் ஒருவர் கேட்டதையும் சொல்லிவிடுகிறேன். 1935ல், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்த அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்றுதான் நாக்பூரில் பௌத்தம் தழுவினார். இருபது வருடத்துக்கு மேல் யோசித்த மனிதர் ஏன் கிறிஸ்தவத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை? இதையே முழுத் தலைப்பாக வைத்து, ஒரு பௌத்தரையும் ஒரு கிறிஸ்தவரையும் உட்கார வைத்தோம். அன்றைக்குக் கிறிஸ்தவ மாணவர்கள் கற்றுக்கொண்ட அளவுக்கு எந்த யூத் மீட்டிங்கிலும் கற்றிருக்க மாட்டார்கள்.

சின்னச் சின்ன விஷயங்கள். கானான் பாஷை, அதாவது சபைக்குள் மட்டும் புரியும் பாஷை, பேசாதீர்கள். 'கிருபை', 'இரட்சிப்பு', 'ஆவிக்குரிய ஜீவியம்' எல்லாம் நமக்குத் தாய்ப்பால், வெளியே இருக்கிறவனுக்குக் கல்வெட்டு. எங்கள் குழுவில், விளக்கம் சொல்லாமல் இப்படி ஒரு வார்த்தை விட்டால் டீ டப்பாவில் ஐந்து ரூபாய் போட வேண்டும். முதல் வருடம் டீச் செலவு பெரும்பாலும் அதிலேயே ஓடியது, பாதி என் காசு. வெள்ளிக்கிழமை மதியம் வைக்காதீர்கள், ஜும்மா நேரம். ரமலானில் டீ சமோசாவோடு வைத்துவிட்டு, ஏன் அவர்கள் வரவில்லை என்று கேட்காதீர்கள். ஷிஃப்ட் கல்லூரி என்றால் காலை ஷிஃப்ட் முடிகிற நேரத்தில், ஒரு மணி நேரத்துக்குள். பாதிப் பேர் அங்கிருந்து டெலிவரி வேலைக்கோ கடைக்கோ ஓட வேண்டும். போனில் வீடியோ எடுக்கக் கூடாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள், முப்பது விநாடித் துண்டு வெட்டி வாட்ஸாப்பில் போட்டால் எந்தப் பக்கத்து ஆளும் மாட்டிக்கொள்வார். வெளிநாட்டுப் பேச்சாளர் வேண்டவே வேண்டாம். விசா சிக்கல் ஒரு பக்கம், வெள்ளைக்காரர் வந்த அன்றே நீங்கள் சொன்ன எதுவும் எடுபடாது.

யாராவது தனியாக வந்து, "நான் நம்ப விரும்புகிறேன், என்ன செய்யணும்?" என்று கேட்டால்? கேட்பார்கள். அது கூட்டத்தின் வேலை இல்லை. அந்த அறையில் வைத்து எதையும் முடிவு செய்ய விடாதீர்கள். வீட்டில் பேசச் சொல்லுங்கள், ஆறு மாதம் போகட்டும், சுவிசேஷத்தில் ஒன்றை முழுதாகப் படிக்கட்டும், இரண்டாவது நாற்காலிக்காரரிடமும் போய்ப் பேசட்டும். என் கூட்டாளிகள் சிலருக்கு இது பிடிக்காது, கனிந்ததைப் பறிக்காமல் விடுகிறேன் என்பார்கள். உண்மையில் கனிந்திருந்தால் ஆறு மாதத்தில் அழுகிப் போகாது. பதினெட்டு வயது ஆகாத முதலாண்டுப் பிள்ளை என்றால் பெற்றோருக்குத் தெரியாமல் ஒரு அடி எடுத்து வைக்காதீர்கள்.

எப்போது தொடங்குவது? ஜூன், ஜூலை அட்மிஷன் களேபரம். ஆகஸ்டில் டப்பாவை வையுங்கள், மாதக் கடைசியில் முதல் கூட்டம். நவம்பர் செமஸ்டருக்குள் மூன்று நடந்தால் தாராளம். முதலில் ஒன்பது பேர் வருவார்கள், அதில் ஆறு பேர் நீங்களேதான். பயப்படாதீர்கள். அந்த மூன்று பேரில் ஒருவரை இரண்டாவது கூட்டத்துக்கு நெறியாளராகப் போடுங்கள்.